விலைக்குப் போன வாரிசுகள்: இடைக்கால இங்கிலாந்தில் நிலம், மைனர், கார்டியன்

1444 மே 27 அன்று சாமர்செட் டியூக் ஜான் பியூஃபோர்ட் இறந்துபோனார். பிரான்சுக்குப் படை நடத்திப் போய், ஒன்றும் சாதிக்காமல் அவப்பெயரோடு திரும்பியவர். அவருக்கு வாரிசு ஒரே ஒரு பெண் குழந்தை, மார்கரெட். போருக்குக் கிளம்பும்போதே அரசர் ஆறாம் ஹென்றியிடம் அவர் ஒரு வாக்கு வாங்கி வைத்திருந்தார். தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் குழந்தையின் பொறுப்பும், அவளுக்குக் கல்யாணம் செய்துவைக்கும் உரிமையும் தன் மனைவிக்கே வரவேண்டும் என்று. அவர் இறந்து நான்கு நாள் கழித்து, மே 31 அன்று, அரசர் அந்த இரண்டையும் சஃபோக் பிரபு வில்லியம் டி லா போலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அதற்காக ஒரு காசும் வாங்கவில்லை. குழந்தைக்கு அன்றுதான் முதல் பிறந்தநாள்.

அதற்கப்புறம் நடந்தவை வேகமானவை. ஆறு வயதில் மார்கரெட்டுக்கு சஃபோக்கின் மகனோடு கல்யாணம். சஃபோக் அரசியலில் வீழ்ந்து கொல்லப்பட்ட பிறகு, 1453-இல் அந்தக் கல்யாணம் ரத்து. கார்டியன் உரிமை அரசருக்குத் தாய் ஒன்று, தந்தை வேறான தம்பிகளான எட்மண்ட் டியூடர், ஜாஸ்பர் டியூடர் கைக்குப் போனது. பன்னிரண்டு வயதில், 1455-இல், எட்மண்டே அவளைக் கட்டிக்கொண்டார். அடுத்த ஆண்டு அவர் இறந்தார். 1457 ஜனவரி 28 அன்று, பதின்மூன்று வயதில், பெம்புரோக் கோட்டையில் அவள் ஓர் ஆண் குழந்தையைப் பெற்றாள். அதன்பின் அவளுக்குக் குழந்தையே பிறக்கவில்லை. அந்தப் பையனும் அப்பா இல்லாத மைனர்தானே? 1462-இல் அவனுடைய கார்டியன் உரிமையை வில்லியம் ஹெர்பர்ட் என்ற பிரபு 1,000 பவுண்டு கொடுத்து வாங்கினார்.

இதில் எதுவும் சட்டமீறல் இல்லை. கெட்ட அரசர், பேராசை பிடித்த பிரபு என்று கதை சொல்லி முடித்துவிட முடியாது. அப்பா இறந்தால் பிள்ளையை அம்மாவோ சித்தப்பாவோ பார்த்துக்கொள்வார்கள் என்பதுதான் நமக்கு இயல்பாகத் தோன்றும். அன்றைய இங்கிலாந்தின் பெரிய நிலக் குடும்பங்களில் அது விதி அல்ல, விதிவிலக்கு. பிள்ளையும் நிலமும் மேலே இருக்கும் பிரபுவுக்குப் போகும். அவர் வைத்துக்கொள்ளலாம், விற்கலாம், வாங்கியவர் இன்னொருவருக்குக் கைமாற்றலாம், தன் உயிலில்கூட எழுதி வைக்கலாம்.

இது எப்படி வந்தது என்பதற்கு 1066-க்குப் போகவேண்டும். நார்மண்டியிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த வில்லியம், நிலம் முழுவதும் தனதே என்ற அடிப்படையில் அதைத் தன் ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். கொடுத்ததற்கு ஈடு, இத்தனை குதிரை வீரர்களைப் போருக்கு அனுப்பவேண்டும் என்ற கடமை. பெரிய பிரபுக்கள் அதே நிபந்தனையில் தங்களுக்குக் கீழே உள்ள நைட் எனும் குதிரை வீரர்களுக்கு நிலம் கொடுத்தார்கள். நம் ஊர் மொழியில் சொன்னால் எல்லாமே ஊழிய மானியம். ஊழியம் செய்ய ஆள் இருக்கும்வரை நிலம் அவனிடம். அவன் இறந்து, மகன் ஐந்து வயதுப் பையன் என்றால் குதிரை ஏறுவது யார்? அதனால் பையனுக்கு 21 வயது ஆகும்வரை பிரபு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு அந்த வருமானத்தில் வேறு வீரனை வைத்துக்கொள்வார், பையனையும் போர்ப்பயிற்சி கொடுத்து வளர்ப்பார். வாரிசு பெண் என்றால் அவளுக்கு வரும் கணவன்தான் நாளைக்கு அந்த நிலத்தின் வீரன். அவன் பிரபுவின் எதிரியாக இருந்துவிடக் கூடாது. ஆகவே மாப்பிள்ளை பார்க்கும் உரிமையும் பிரபுவுக்கு.

நியாயம் புரிகிறது. ஆனால் அந்த நியாயம் நூறு ஆண்டுகூட நிற்கவில்லை. 12-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் பலர் போருக்கு ஆள் அனுப்புவதற்குப் பதில் பணமாகக் கட்டத் தொடங்கிவிட்டார்கள். காரணம் போய்விட்டது, உரிமை மட்டும் மிஞ்சியது.

வாரிசுரிமை விதிகளும் இதற்குத் தோதாக இருந்தன. படைச்சேவை நிலம் மொத்தமும் மூத்த மகனுக்கு. தம்பிகளுக்கு ஒன்றும் இல்லை. மகனே இல்லை என்றால் மகள்கள் சமபங்காகப் பிரித்துக்கொள்வார்கள். ஒரே மகள் என்றால் முழுவதும் அவளுக்கு. விதவைக்குக் கணவன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அவள் ஆயுள் வரைக்கும். கென்ட் பகுதியில் மட்டும் எல்லா மகன்களும் சமமாகப் பிரித்துக்கொள்ளும் பழைய வழக்கம் தொடர்ந்தது. முக்கியமான இன்னொன்று: இந்த நிலத்தை உயில் எழுதி யாருக்கும் வைக்க முடியாது. அப்பா தன் பிள்ளைக்கு ஒரு கார்டியனை நியமிக்கவும் முடியாது.

இந்த விதிகள் நிலத்தின் தன்மைக்குத்தான், பிள்ளையின் வயதுக்கு அல்ல. 1180-களின் கடைசியில் எழுதப்பட்ட, அரசரின் தலைமை நீதிபதி கிளான்வில் பெயரால் வழங்கும் சட்ட நூல் ஒரு வேடிக்கையான கணக்குச் சொல்கிறது. நைட்டின் மகன் மேஜர் ஆவது 21 வயதில். படைச்சேவை இல்லாத, வாடகைக்குப் பயிர்செய்யும் சாதாரண நிலக்காரரின் மகன் 15 வயதில். நகர வியாபாரியின் மகனுக்கு வயதே கிடையாது. காசை எண்ணவும் துணியை அளக்கவும் அவனுக்கு எப்போது தெரிகிறதோ, அன்றைக்கு அவன் மேஜர். மூன்று பேரில் இந்தக் கடைசிப் பையனுக்குத்தான் சட்டம் ஏதோ புத்தியோடு எழுதப்பட்டது போலப் படுகிறது எனக்கு.

வாடகை நிலக்காரர் வீட்டு விதி இதைவிடச் சுவாரசியம். அங்கே மைனரின் கார்டியன் நெருங்கிய சொந்தம்தான். ஆனால் அந்தச் சொத்து எந்த வழியிலும் தனக்கு வர வாய்ப்பில்லாத சொந்தமாக இருக்கவேண்டும். அப்பா வழியில் வந்த நிலம் என்றால் அம்மாவோ தாய்மாமனோ பார்த்துக்கொள்ளலாம், சித்தப்பா கூடாது. பிள்ளை செத்தால் லாபம் யாருக்கோ, அவர் கையில் பிள்ளையைக் கொடுக்காதே என்பது தெளிவான சிந்தனை. 1267-இல் வந்த மார்ல்பரோ சட்டம், பிள்ளை பெரியவனானதும் இந்தக் கார்டியன் கணக்குக் காட்டவேண்டும் என்றும் சொல்லிவிட்டது. அதே நாட்டில், அதே காலத்தில், நைட்டின் மகனுக்குக் கார்டியனாக வந்த பிரபு வருமானத்துக்கு யாரிடமும் கணக்குக் காட்டவேண்டியதில்லை. பிள்ளையின் சாப்பாடு, படிப்புச் செலவு போக மீதி எல்லாம் அவருக்கே. ஆக, ஏழைப் பிள்ளைக்கு இருந்த பாதுகாப்பு பணக்காரப் பிள்ளைக்கு இல்லை.

அரசர்கள் இதை எவ்வளவு கவனமாக நடத்தினார்கள் என்பதற்கு 1185-ஆம் ஆண்டுப் பதிவேடு ஒன்று இருக்கிறது. இரண்டாம் ஹென்றியின் நீதிபதிகள் பன்னிரண்டு கவுண்டிகளில் சுற்றி, அரசரின் கைக்கு உட்பட்ட விதவைகளையும் மைனர்களையும் பட்டியல் எடுத்தார்கள். விதவையின் வயது, எத்தனை பிள்ளை, மூத்தவனுக்கு என்ன வயது, நிலத்தின் ஆண்டு வருமானம், எத்தனை ஏர், எத்தனை ஆடு, இன்னும் இத்தனை ஆடு விட்டால் வருமானம் எவ்வளவு கூடும் என்பதுவரை அதில் உண்டு. பெண்ணின் வயதும் ஆட்டின் எண்ணிக்கையும் ஒரே பதிவில், ஒரே தொனியில் வருகின்றன.

இந்த ஏற்பாட்டால் உயர்ந்தவர்களும் உண்டு. வில்லியம் மார்ஷல் நிலம் இல்லாத ஓர் இளைய மகன், பந்தயச் சண்டைகளில் பேர் வாங்கிய நைட். 1189-இல், நாற்பதைத் தாண்டிய வயதில், லண்டன் கோபுரத்தில் அரசரின் காப்பில் இருந்த இசபெல் டி கிளேர் அவருக்குக் கொடுக்கப்பட்டாள். அவளுக்குப் பதினேழு வயது இருக்கலாம். அவளோடு வேல்ஸ் எல்லையிலும் அயர்லாந்திலும் பெரும் நிலம் வந்தது. ஒரே கல்யாணத்தில் அவர் நாட்டின் முதல் வரிசைப் பிரபுக்களில் ஒருவரானார்.

அதே காலத்தில் லிங்கன்ஷயரில் நடந்த கதை வேறு மாதிரி. சேல்பியில் தாமஸ் என்ற வயதான நைட், பிள்ளை இல்லாதவர். அவர் இறந்தால் நிலம் தம்பி வில்லியமுக்குப் போய்விடும். தாமஸின் மனைவி கர்ப்பம் என்று சொல்லி, யாரோ பெற்ற பெண் குழந்தையைத் தன் குழந்தையாகக் காட்டினாள் என்று ஊரே பேசியது. லிங்கன் பிஷப் ஹியூ விசாரித்து எச்சரித்தார். ஆனால் தாமஸ் தன் வாயால் மறுக்காமல் இறந்துவிட்டார். கணவன் தன் குழந்தை என்று ஏற்றுக்கொண்டிருந்தால் சட்டத்தின் கண்ணில் அது அவர் குழந்தைதான். ஆகவே கிரேஸ் என்ற அந்தச் சின்னப் பெண் வாரிசு.

அரசு அவளை ஆதம் டி நெவில் என்பவருக்குக் கொடுத்தது. அவர் அரசரின் தலைமை வன அதிகாரியின் சகோதரர். பெண்ணுக்கு நான்கு வயது ஆனதுமே, பிஷப்பின் தடையை மீறிக் கல்யாணத்தை முடித்துக்கொண்டார். காத்திருந்தால் நிலம் கைநழுவும் என்ற அவசரம். அவர் இறந்ததும் ஜான் அரசர் அவளை அரண்மனை ஊழியர் ஒருவருக்கு 200 மார்க்குக்கு விற்றார். அவரும் இறந்தார். அடுத்து பிரையன் டி லைல் என்பவருக்கு 300 மார்க். ஒரு மார்க் என்பது பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு. விலை ஏறியிருப்பதைக் கவனியுங்கள். கடைசியில் கிரேஸ் பிள்ளை இல்லாமல் இறக்க, நிலம் முதலில் யாருக்குப் போயிருக்கவேண்டுமோ அந்தத் தம்பி வில்லியம் வழிக்கே வந்து சேர்ந்தது. இடையில் லாபம் பார்த்தவர்கள் பார்த்துவிட்டார்கள். அந்தப் பெண் என்ன நினைத்தாள் என்று எந்தப் பதிவும் சொல்வதில்லை.

ஜான் இந்த வழிகளையெல்லாம் உச்சத்துக்குக் கொண்டுபோனார். வாரிசு நிலத்தைக் கைக்கொள்ளும்போது கட்டவேண்டிய தொகை ஒரு நைட் நிலத்துக்கு 100 ஷில்லிங், அதாவது 5 பவுண்டு, என்பது வழக்கம். பெரிய பிரபுக்களுக்கு நிலையான தொகை இல்லை என்பதால், 1205-இல் நிக்கோலஸ் டி ஸ்டட்வில்லிடம் 10,000 மார்க் கேட்டார். 1214-இல் ஜெஃப்ரி டி மாண்டெவில்லுக்குத் தான் விலக்கிவைத்த முன்னாள் மனைவி குளோஸ்டர் இசபெல்லாவையே 20,000 மார்க்குக்குக் கட்டிவைத்தார். யாராலும் கட்டமுடியாத தொகை. மறு ஆண்டு மாண்டெவில் கலகக்காரர்கள் பக்கம் நின்றதில் ஆச்சரியம் இல்லை.

1215 மாக்னா கார்ட்டாவைச் சுதந்திரப் பட்டயம் என்று பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். அதைத் திறந்தால் சர்ச்சுக்கான முதல் ஷரத்தைத் தாண்டியதும் வருவது வாரிசும் மைனரும் விதவையும்தான். இரண்டாம் ஷரத்து: ஏர்ல் குடும்ப வாரிசு கட்டவேண்டியது 100 பவுண்டு, அதற்குமேல் இல்லை. மூன்று: மைனராகக் காப்பில் இருந்தவன் மேஜர் ஆகும்போது எதுவும் கட்டவேண்டாம். நான்கும் ஐந்தும்: கார்டியன் நியாயமான வருமானத்தை மட்டும் எடுக்கலாம். ஆட்களையோ பொருளையோ அழிக்கக் கூடாது. வீடு, வேட்டைக்காடு, மீன்குளம், ஆலை எல்லாவற்றையும் பராமரித்து, ஏரும் உழவுச் சாமானும் குறையாமல் திருப்பிக் கொடுக்கவேண்டும். இதைப் படிக்கும்போதே கார்டியன்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பது தெரிந்துவிடும். மரத்தை வெட்டி விற்று, உழவுமாட்டை ஓட்டிக்கொண்டு போய், குளத்தை வற்றவைத்து, பையனுக்கு 21 வயது ஆகும்போது மொட்டை நிலத்தைக் கையில் கொடுப்பது. ஏழும் எட்டும் விதவைக்கு: அவளுடைய சீதனமும் பங்கும் உடனே கிடைக்கவேண்டும், மறுமணத்துக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது.

ஆறாம் ஷரத்தில்தான் ஒரு சின்ன வேலை நடந்தது. அந்தஸ்து குறைந்த இடத்தில் வாரிசைக் கட்டிவைக்கக் கூடாது, கல்யாணத்துக்கு முன் நெருங்கிய சொந்தங்களுக்குச் சொல்லவேண்டும் என்று 1215-இல் இருந்தது. 1216-இல் பட்டயம் மறுபடி வெளியிடப்பட்டபோது, சொந்தங்களுக்குச் சொல்லவேண்டும் என்ற பகுதி காணாமல் போயிற்று. சிறுவன் மூன்றாம் ஹென்றியின் பெயரால் அப்போது நாட்டை நடத்தியவர் வில்லியம் மார்ஷல்.

அதை அவர் வேண்டுமென்றே செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பட்டயம் கேட்ட பிரபுக்கள் ஒருவரும் இந்த முறையையே ஒழி என்று கேட்கவில்லை என்பதை இங்கே பார்க்கவேண்டும். அரசரிடம் அவர்கள் பிள்ளைகள் எப்படி மாட்டினார்களோ, அப்படியே அவர்களிடம் அவர்களுடைய நைட்டுகளின் பிள்ளைகள் மாட்டியிருந்தார்கள். பட்டயத்தின் 60-ஆம் ஷரத்து, அரசர் விட்டுக்கொடுத்ததைப் பிரபுக்களும் தங்கள் ஆட்களுக்குக் கொடுக்கவேண்டும் என்கிறது. அதாவது விலையைக் குறை, சேதத்தைக் குறை, முறை இருக்கட்டும். மாமியாரிடம் பட்டவள் மருமகள் வந்ததும் மாமியார் ஆவதுபோல, மைனராகப் பட்டவன் பெரியவனானதும் கார்டியன் ஆனான். நானூறு ஆண்டுக்கு மேல் இது நீடித்ததற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

பிரபுக்களுக்குள்ளும் ஒரு குறை மட்டும் தீரவே இல்லை. ஒருவர் நான்கு பிரபுக்களிடம் நிலம் வைத்திருக்கலாம். அதில் ஒரு துண்டு அரசரிடம் நேரடியாகப் படைச்சேவைக்குப் பெற்றதாக இருந்துவிட்டால் போதும், எல்லா நிலத்தின் கார்டியன் உரிமையும் அரசருக்கே. மற்ற மூன்று பேரும் வேடிக்கை பார்க்கவேண்டியதுதான்.

13-ஆம் நூற்றாண்டில் இதற்கென்று ஒரு நிர்வாகமே வளர்ந்தது. அரசரின் நேரடி நிலக்காரர் இறந்ததும் எஸ்கீட்டர் என்ற அதிகாரிக்கு உத்தரவு போகும். அவர் உள்ளூர் ஆட்களைக் கூட்டிச் சத்தியம் வாங்கி மூன்று கேள்வி கேட்பார். என்ன நிலம், யாரிடமிருந்து, எந்தச் சேவைக்கு? அடுத்த வாரிசு யார்? அவருக்கு என்ன வயது? இந்த அறிக்கைகள் ஆயிரக்கணக்கில் இன்றும் இருக்கின்றன.

பிறப்புப் பதிவேடு இல்லாத காலம். எனவே மைனர் தன் நிலத்தைத் திரும்பப் பெற, தனக்கு 21 ஆகிவிட்டது என்று சாட்சிகளை வைத்து நிரூபிக்கவேண்டும். அந்தச் சாட்சியங்கள் படிக்கப் படிக்கத் தெவிட்டாதவை. அவனுக்கு ஞானஸ்நானம் நடந்த அன்று நான் குதிரையிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டேன், அதனால் ஞாபகம் இருக்கிறது என்பார் ஒருவர். அந்த வாரம்தான் என் அப்பாவைப் புதைத்தோம் என்பார் இன்னொருவர். என் வீடு எரிந்துபோன வருஷம், என் மகள் பிறந்த வருஷம் என்று போகும். இதையெல்லாம் அப்படியே நம்பிவிடவேண்டாம். வேறு வேறு ஊர்களில், வேறு வேறு ஆண்டுகளில் அதே கால்கள் அதே மாதிரி உடைகின்றன. எழுத்தர்கள் ஒரு பொது அச்சை வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் காட்டியிருக்கிறார்கள். நம் சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் பத்திரங்களைப் படித்தவர்களுக்கு இது ஒன்றும் புதிதாக இருக்காது.

பெண் வாரிசுக்கு வயதுக் கணக்கு வேறு. பதினான்கு வயதில் அவள் காப்பிலிருந்து விடுபடலாம். ஆனால் அதற்குள் கல்யாணம் ஆகாவிட்டால் 16 வரை வைத்திருக்கலாம் என்று 1275-இன் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் பிரபுவுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்தது. 1236-இன் மெர்ட்டன் சட்டம் ஆண் வாரிசுக்கு விலை குறித்தது. பிரபு காட்டிய பெண்ணை வேண்டாம் என்றால் அந்தக் கல்யாணத்தின் மதிப்பைக் கட்டிவிட்டு வெளியே போகலாம். அவருக்குத் தெரியாமல் கட்டிக்கொண்டால் இரண்டு மடங்கு. மறுப்பதற்கு உரிமை உண்டுதான், ஆனால் அதற்கும் ரேட் உண்டு.

இந்த வருமானம் எவ்வளவு பெரிதாக நினைக்கப்பட்டது என்பதை மற்றச் சட்டங்களிலும் பார்க்கலாம். சர்ச்சுக்கு நிலம் எழுதிவைப்பதை 1279-இல் முதலாம் எட்வர்ட் தடுத்ததற்கு முக்கியக் காரணம் இதுவே. மடத்துக்குச் சாவு இல்லை, மைனர் பிள்ளை இல்லை, கல்யாணம் இல்லை. ஒருமுறை அங்கே போன நிலத்திலிருந்து பிரபுவுக்கு இனி இந்த வரவே கிடையாது.

சர்ச் சாகாது என்றால், நாமும் சாகாமல் இருக்க ஒரு வழி பண்ணலாமே என்று யோசித்தார்கள் நிலக்காரர்களின் வக்கீல்கள். நிலத்தை நம்பிக்கையான நான்கைந்து நண்பர்கள் பெயரில் சேர்த்து எழுதிவிடுவது. அனுபவிப்பது மட்டும் நான். நான் இறந்தால் சட்டப்படி நிலத்துக்காரர் யாரும் சாகவில்லை. நண்பர்களில் ஒருவர் இறந்தால் மற்றவர்கள் இருக்கிறார்கள், குறைந்தால் புதிதாக ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம். வாரிசும் இல்லை, மைனரும் இல்லை. கூடவே, நிலத்தை யாருக்கு, எப்போது கொடுக்கவேண்டும் என்று அந்த நண்பர்களுக்கு எழுதிவைத்துவிட்டால் அதுவே உயில். 14, 15-ஆம் நூற்றாண்டுகளில் இது காட்டுத்தீ போலப் பரவியது. இன்றைய டிரஸ்ட் என்பதன் வேர் இதில்தான் இருக்கிறது.

1,000 பவுண்டுக்கு விலைபோன அந்தப் பையனுக்கு இப்போது வரலாம். ஹெர்பர்ட் அவனை மாட் என்ற தன் மகளுக்குக் கட்டிவைக்க நினைத்திருந்தார். 1469-இல் ஹெர்பர்ட் போரில் பிடிபட்டுத் தலை வெட்டப்பட, அந்தத் திட்டம் அப்படியே போயிற்று. பையன் நாடுகடந்து வாழ்ந்து, 1485-இல் படையோடு திரும்பி, ஏழாம் ஹென்றியாக முடிசூடினான். தானே மைனராக விற்கப்பட்டவர் அரசரானதும் இந்த முறைக்கு இரக்கம் காட்டியிருப்பாரா? நடந்தது நேர்மாறு. மறைத்துவைத்த மைனர்களைத் தோண்டி எடுக்க ஆட்களை அனுப்பினார், 1503-இல் இதற்கென்றே ஒரு மேலாளரை நியமித்தார், நண்பர்கள் பெயரில் எழுதும் தந்திரத்தை ஒரு பக்கம் அடைக்கச் சட்டமும் போட்டார். அவருடைய தாய் மார்கரெட்டுக்கு மகன் கொடுத்த பரிசுகளில் ஒன்று, தந்தையை இழந்த சிறுவன் பக்கிங்காம் டியூக்கின் கார்டியன் உரிமை.

எட்டாம் ஹென்றி 1536-இல் அந்தத் தந்திரத்தைச் சட்டத்தால் நசுக்கப் பார்த்தார். நிலக்காரர்கள் கொதித்தார்கள். 1540-இல் சமரசம் வந்தது. படைச்சேவை நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கை இனி உயில் எழுதிக்கொள்ளலாம், மீதி ஒரு பங்கு அரசரின் கார்டியன் உரிமை வருமானத்துக்காக விடப்படவேண்டும். அதே ஆண்டில், அரசரின் காப்பில் வரும் மைனர்களைக் கவனிக்கும் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் என்ற நீதிமன்றமும் பிறந்தது. அப்போது படைச்சேவை என்பது வெறும் பெயர். முதலாம் எலிசபெத் காலத்தில் பர்லி பிரபு வில்லியம் செசில் 1561 முதல் 1598-இல் சாகும்வரை அதன் தலைவராக இருந்தார். உயர்குடி மைனர்கள் சிலரைத் தன் வீட்டிலேயே வளர்த்தார். அவர்களில் ஒருவரான ஆக்ஸ்ஃபோர்ட் ஏர்ல் அவருடைய மகளைக் கட்டிக்கொண்டார். இன்னொருவரான சவுத்தாம்டன் ஏர்ல் அவர் பேத்தியை மறுத்ததற்கு 5,000 பவுண்டு கட்டினார் என்று பேச்சு.

அந்தப் பெயர் நமக்கும் பழக்கமானதுதான். சென்னை மாகாணத்தில் 1804-இல் ஒரு ஒழுங்குமுறைச் சட்டத்தின் மூலம் வந்த கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்தான் பல ஜமீன்களை நிர்வகித்தது. ராமநாதபுரத்தில் 1873-இல் தந்தை இறந்தபோது சிறுவனாக இருந்த பாஸ்கர சேதுபதி, 1889 வரை அதன் காப்பில்தான் இருந்தார். ஆனால் பெயர்தான் ஒன்று. இங்கே கம்பெனிக்கும் பின்னர் அரசுக்கும் கவலை நிலவரி தவறாமல் வரவேண்டும் என்பது. கலெக்டர் ஜமீனை நடத்துவார், கணக்கு வைப்பார், கடனை அடைப்பார். மைனரை யாருக்கும் விற்கும் வழக்கம் இல்லை.

இங்கிலாந்தில் அசல் நீதிமன்றம் அதற்கு வெகுகாலம் முன்பே மூடப்பட்டுவிட்டது. 1610-இல், ஆண்டுக்கு 2,00,000 பவுண்டு நிலையான வருமானம் கொடுத்தால் இந்த உரிமைகளை விட்டுவிடுகிறேன் என்று முதலாம் ஜேம்ஸ் தரப்பு பேரம் பேசியது. படியவில்லை. உள்நாட்டுப் போரின் நடுவே, 1646-இல் பாராளுமன்றம் அதை ஒழித்தது. 1660-இல் இரண்டாம் சார்லஸ் திரும்பி வந்தபோது அந்த ஒழிப்பை உறுதிசெய்யும் சட்டம் வந்தது. படைச்சேவை நிலம் எல்லாம் சாதாரண நிலமாயிற்று. அப்பா தன் பிள்ளைக்குக் கார்டியனை உயிலில் நியமிக்கலாம் என்ற உரிமையும் அதே சட்டத்தில் வந்தது.

சரி, அரசருக்கு நஷ்டஈடு? ஆண்டுக்கு 1,00,000 பவுண்டு தேவை என்று மதிப்பிட்டார்கள். விடுதலை கிடைத்தது நிலக்காரர்களுக்கு, எனவே நிலத்துக்கு வரி போடலாம் என்று ஒரு தரப்பு கேட்டது. சபையில் ஓட்டெடுப்பு நடந்தது. இரண்டே ஓட்டு வித்தியாசத்தில் அது தோற்றது. பதிலாக பீர், சைடர் போன்ற பானங்கள்மீதான கலால் வரியிலிருந்து அந்தத் தொகையைக் கொடுத்தார்கள். ஓர் ஏக்கரும் இல்லாத, யாரும் விலைகொடுத்து வாங்க நினைக்காத பிள்ளைகளைப் பெற்றவர்களும் அந்த நஷ்டஈட்டைக் கட்டினார்கள்.